பெரியவருக்கு எது நல்லதென்று எங்களுக்குத் தெரியும்

வயதானவர்களுக்கு நல்லது செய்யாவிட்டால் தூக்கமே வராத ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், நெற்றி நிறையத் திருநீறு, முகம் முழுக்கக் கனிவு. எந்தப் பெரியவரைக் கண்டாலும் அவருக்குக் காது கேட்காது என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு, தெருமுனை வரை கேட்கும்படி, "சாப்புட்டீங்களாப்பா?" என்று கத்துவார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரியிடம் திரும்பி, "சாப்புட்டாரா?" என்று கேட்பார்கள். பெரியவர் என்ன, கூண்டுக்கிளியா? காலில் விழுந்து கும்பிடுவார்கள். எழுந்த கையோடு அவர் எதைச் சாப்பிட வேண்டும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எந்தப் பிள்ளையோடு சமாதானமாகப் போக வேண்டும் என்று வரிசையாக உத்தரவு போடுவார்கள்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? விருத்தாசலத்தில் இந்த இனத்துக்குச் செயலாளரே நான்தான்.

எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக் குழு போன வருஷம் முதியோர் சேவையில் இறங்கியது. சேவை செய்ய ஒரு முதியவர் வேண்டுமே? தலைவர் தெய்வநாயகம் ஐயா தெருத்தெருவாக விசாரித்து, பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த சாமிதுரையைக் கண்டுபிடித்தார். மனைவி இல்லை. மகள் திருப்பூரில். தனியாள். எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

முதல் நாளே அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"முட்டி மடங்க மாட்டேங்குதும்மா. கக்கூசுல குந்துனா எழுந்திருக்க முடியல. புடிச்சிக்க சுவத்துல ஒரு கம்பி அடிச்சிக் குடுத்தீங்கன்னா போதும்."

கேட்டதும் எங்கள் கண் கலங்கிவிட்டது. உடனே ஒரு சால்வை போர்த்தினோம்.

அடுத்த வாரம், "அந்தக் கம்பி..." என்று இழுத்தார். தைலம் வாங்கிக் கொடுத்தோம். அதற்கடுத்த வாரமும் இழுத்தார். ஹார்லிக்ஸ் கொடுத்தோம். அப்புறம் எங்கள் குழுவின் சிவகாமசுந்தரி அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது: முட்டிவலி தீர ஆழத்துப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டால் என்ன? நீங்கள் வெளியூர் என்றால் சொல்கிறேன். எங்கள் பழமலைநாதர் கோயிலில் அந்தப் பிள்ளையார் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறார். படி இறங்கித்தான் கும்பிட வேண்டும். முட்டி மடங்காத மனிதரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "மெதுவா, மெதுவா" என்று இழுத்து, முட்டிவலி தீர்வதற்காகப் படி இறக்கினோம்.

"அவரு கீழ குந்துனவரு எழுந்திருக்கவே இல்ல பாரு," என்றார் சாமிதுரை, பிள்ளையாரைக் காட்டி. "நாளைக்கு என் கதியும் அதான்."

"என்னா பக்தி, என்னா பக்தி!" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் மனிதர் இளைக்கத் தொடங்கினார். ஒருவேளைச் சாப்பாடு. அதிலும் பாதி. தண்ணீர் கொடுத்தால் உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார். கண் குழிவிழுந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். நாங்கள் பக்தர்கள் அல்லவா? கும்பிட்டோம்.

"தண்ணியக்கூட வுட்டுட்டாருன்னா சும்மாவா? இது பெரிய விரதம்," என்றார் தெய்வநாயகம் ஐயா. அவ்வளவுதான். பஜனையில் சாமிதுரைக்கென்று தனி நாற்காலி. அவர் கையால் திருநீறு வாங்கக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். அந்தத் திருநீற்றில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுப் போனதென்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னவள் நான். குழந்தைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள் என்பதை எதற்குச் சொல்ல வேண்டும்?

மாசி மகத்தன்று ஆளுயர மாலை போட்டோம். மாலையின் கனம் தாங்காமல் பெரியவர் நாற்காலியோடு சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "ஒடம்புல தண்ணியே இல்லையே. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே போயிருப்பாரு. தண்ணி குடுக்குறீங்களா, இல்லையா?"

"விரதம் டாக்டர்," என்றேன், பெருமையாக.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"விரதமும் இல்ல, வெங்காயமும் இல்ல. ஏம்மா ஆதிலட்சுமி, தண்ணி குடிச்சாப் போவணும். போனாக் குந்தணும். குந்துனா யாரு தூக்கி வுடுவா, உன் பஜனைக் குழுவா? ஊருல இருக்குறவன்லாம் நாற்காலி மாதிரி உக்கார்றதுக்குக் கம்பெனியில கக்கூஸ் கோப்பை வார்த்து அனுப்புனவன் நானு. என் வூட்டுல ஒரு கம்பிக்கு வழியில்ல. கேட்டா சால்வை போத்துறீங்க!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தெய்வநாயகம் ஐயாவைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தார்.

இதோடு திருந்தியிருப்போம் என்றா நினைக்கிறீர்கள்? நல்ல மனசு உங்களுக்கு.

கம்பி அடித்தோம். டீ ஆறுவதற்குள் பிளம்பர் வேலையை முடித்துவிட்டார். ஆனால் புதிதாக ஒன்று வந்தால் பூஜை போடாமல் விடலாமா? கம்பிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, தேங்காயும் கையுமாகக் குழுவே கக்கூஸ் வாசலில் கூடி நின்றது. சாமிதுரையோ, கம்பி வந்துவிட்ட தைரியத்தில், எத்தனையோ நாள் தாகத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து வைத்திருந்தார்.

"வழி வுடுங்கம்மா."

"ஒரு நிமிஷம்ப்பா, கற்பூரம் காட்டிடுறோம்."

"நீ காட்டி முடிக்கிற வரைக்கும் தாங்காதும்மா!"

"ஒரே ஒரு போட்டோ. இங்க பாருங்கப்பா, சிரிங்க!"

அவர் பார்க்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. தெய்வநாயகம் ஐயாவைத் தட்டோடு ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். வெளியே பஜனைக் குழு கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் கம்பி லேசாகக் கிறீச்சிட்டது. பிறகு கதவு திறந்தது. யாரும் தூக்கிவிடாமல், தானே எழுந்து வந்திருந்தார். உள்ளங்கை முழுக்கக் கம்பியின் குங்குமம்.

"இன்னொரு சொம்புத் தண்ணி குடு," என்றார்.

மொண்டு கொடுத்தேன். சேவை என்று நான் செய்தது அது ஒன்றுதான். ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? அவருக்குத் துணையாக ஒரு கிளி வாங்கிக் கொடுக்கலாமா என்று இப்போது குழுவில் பேச்சு நடக்கிறது. அவரைத்தான் இன்னும் கேட்கவில்லை.

சிரித்துவிட்டீர்களா? சரி. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். பாவம், பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறார், இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் அவரும் சிரிப்பாரே என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்குமே? தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: போன வாரம் அவர் உங்களிடம் என்ன கேட்டார்?