பன்னிரண்டு பவுண்டு

நாலு சக்கரமும் இழுக்கும் புது டிராக்டர், உழவுக்கு இறங்கியதும் தவளை மாதிரிக் குதித்தது. டிராக்டர்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் உழாவிட்டால் இந்தப் பருவமே போச்சு.

வண்டியை வரப்போரம் நிறுத்தி டயரில் காற்றளக்கும் கேஜை வைத்தார். இருபத்து நாலு பவுண்டு. வயலுக்குப் பன்னிரண்டு போதும், கூடினால் குதிக்குமென்று டிராக்டரோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே சொல்லியிருக்கிறான். நேற்றுக் காற்றடித்த டயர் கடைக்காரனுக்குக் கண் எங்கே போயிற்று?

நாலு டயரிலும் காற்றை இறக்கினார். அப்படியும் மனம் ஆறவில்லை. வீட்டு மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும், ஏறிக் கடைக்காரனுக்குப் போன் போட்டார்.

"என்னய்யா காத்தடிச்சே? ஒரு டயராவது சரியா இருக்கா?"

பதிலைக் கேட்கப் பொறுமையில்லை, வைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்து, அதே வசவை மனைவியிடம் அரை மணி நேரம் ஒப்பித்தார்.

திரும்பி வந்து ஓட்டினால் மறுபடி குதித்தது. கேஜில் இருபத்தாறு.

இப்படிச் செய்யக்கூடிய ஆள் ஒருவன்தான். விருந்துக்கு வந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மச்சான். வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

"டயர்ல காத்தடிச்சீங்களா மச்சான்?"

"நான் ஏன் அத்தான் அடிக்கிறேன்? இப்பத்தான் குளிச்சுட்டு வர்றேன்."

"அப்ப அது தானா மூச்சு இழுத்துக்கிச்சா?"

"என் தம்பி வாசலையே தாண்டல," என்றாள் மனைவி. "வாய்க்கு வந்தபடி பேசாதீங்க."

மறுபடி குனிந்து நாலையும் இறக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையும் கடைக்காரன் கணக்கில் எழுதி, மாடியேறித் திட்டிவிட்டு, சற்றுப் படுத்தெழுந்து போனார். இருபத்தெட்டு.

"உங்களைச் சும்மா விடமாட்டேன் மச்சான்."

மச்சான் பையைக் கட்டினான். மனைவி அடுப்படிக் கதவை உள்ளே தாழிட்டாள். முதல் தூறல் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை இறக்கிய டிராக்டர்காரர், மூன்றாம் முறை போன் செய்தார்.

"உன் காத்தால என் குடும்பமே ரெண்டாச்சு, தெரியுமா?"

இந்தத் தடவை வீட்டில் தங்கவில்லை. மச்சானைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஸ்பானரோடு டிராக்டருக்குப் பின்னால் பதுங்கினார்.

மொபெட் ஒன்று வந்து நின்றது. டயர் கடைக்காரர் மனைவி இறங்கினாள். பின்சீட்டில் காற்றடிக்கும் மெஷின். காற்றிறங்கிய டயரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுக் குழாயை மாட்டினாள்.

"யாரும்மா உன்னை வரச் சொன்னது?" என்று பாய்ந்தார் அவர்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"நீங்க போன்ல திட்டத் திட்ட வந்து அடிச்சுட்டுத்தானேண்ணே இருக்கேன், இன்னிக்கு இதுக்கு மேல திட்டாதீங்க, மெஷின் சூடாயிருச்சு."