நாலு அங்குலக் கலப்படம்

நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நெருப்பு, சக்கரம் என்று இரண்டே இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நேராக ராக்கெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் நம் மாப்பிள்ளை ஒரு பழைய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாரே, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்! அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கதை.

மாப்பிள்ளை ஒரு பெரிய அலுவலகத்தின் திட்டமிடல் பிரிவில் அதிகாரி. அந்தப் பிரிவு இதுவரை எதை முடித்திருக்கிறது என்று கேட்பது மரியாதையில்லை. திட்டமிட்டவை ஏராளம்.

அவருடைய மாமியாருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். முடிந்ததும் மகள் வீட்டில் வந்து தங்கினார். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "கைப்பிடி வச்ச உயரமான நாற்காலியில உட்காருங்கம்மா. நீங்களே கையை ஊன்றி எழுந்திருக்கணும், யாரும் தூக்கி விடக் கூடாது. அப்பதான் கால்ல பலம் வரும். என்னைக்கு நீங்களா எழுந்திருக்கிறீங்களோ, அன்னைக்கு உங்க வீட்டுக்கே போயிடலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மாமியார் உயிரை வைத்திருந்தார். சொந்த வீடு, சொந்தச் சாவி, தன் கையில் டிவி ரிமோட். மகள் வீட்டில் எல்லா வசதியும் உண்டு, இந்த மூன்றைத் தவிர. அங்கே ஒரு சோபாவும் இருந்தது. அதில் விழுவது சுலபம், எழுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

பழைய சாமான் கடை ஒன்றில் அந்த நாற்காலி கிடைத்தது. கருத்த மரம், அகலமான கைப்பிடி, நல்ல உயரம். இருக்கைத் துணி மட்டும் கிழிந்து நார் எட்டிப் பார்த்தது. மாமியார் உட்கார்ந்தார். கையை ஊன்றினார். எழுந்துவிட்டார்! நம்ப முடியாமல் மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் உட்கார்ந்து பார்த்து வாங்குவாங்க. நீங்க எழுந்து எழுந்து பார்க்கிறீங்களேம்மா" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும்தான் மாப்பிள்ளை அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் மங்கலாக ஒரு முத்திரை இருந்தது. பத்து நிமிடம் போனில் தேடினார். நிமிர்ந்தபோது அவர் பழைய மாப்பிள்ளையாக இல்லை.

"அத்தை, இது சாதாரண நாற்காலி இல்ல. ஆன்ட்டிக். நூறு வருஷத்துப் பொக்கிஷம். இதுல நீங்க உட்காரக் கூடாது."

"வாங்கினதே நான் உட்காரத்தானே மாப்பிள்ளை?"

"மறுசீரமைப்பு முடிஞ்சதும் தாராளமா உட்காரலாம்."

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் 'நாற்காலி மறுசீரமைப்புக் குழு'வின் முதல் கூட்டம் நடந்தது. தலைவர் மாப்பிள்ளை, செயலாளர் மகள். மாமியார் 'பயனாளி'. பயனாளிக்கு ஓட்டு கிடையாது. அதற்குள் வேறு ஒரு நாற்காலி வாங்கலாமே என்ற மகளின் தீர்மானம், "திட்டத்தோட நோக்கமே அடிபட்டுப் போயிடும்" என்ற ஒரே காரணத்தால் ஒருமனதாகத் தள்ளுபடி ஆனது. ஒரு மனது தலைவருடையது.

குஷன் வேலைக்காரர் வந்து பார்த்தார். "சார், சீட்டு மட்டும்தான் போயிருக்கு. நாடாவை இறுக்கிக் கட்டி, துணி போட்டுச் சாயங்காலமே கொடுத்துடறேன்."

"அதுக்குப் பேரு ரிப்பேர். நாம பண்றது மறுசீரமைப்பு."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"மூணு மாசம்" என்றாள் மகள். இது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகவில்லை.

வேலை மும்முரமாக நடந்தது. உப்புத்தாளை வைத்து மாப்பிள்ளையே மூன்று ஞாயிற்றுக்கிழமை தேய்த்துப் பழைய பாலிஷ் முழுவதையும் எடுத்தார். மரம் வெள்ளை வெளேரென்று நேற்று வெட்டியதுபோல் வந்து நின்றது. "பழமை போயிடுச்சே!" என்று பதறினார். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை அரக்குப் பாலிஷ் ஏற்றிக் கருப்பாக்கி, சாவிக்கொத்தால் அங்கங்கே அடித்து நூறு வருட வயதைத் திரும்ப வரவழைத்தார். வீட்டில் எல்லாருக்கும் தும்மல்.

மாமியார் சோபாவில் கிடந்தார். காலையில் மாப்பிள்ளை ஒரு கையும் மகள் ஒரு கையும் பிடித்துத் தூக்குவார்கள். இருவரும் வேலைக்குப் போய்விட்டால் யாராவது திரும்பி வரும் வரை அப்படியே. தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் எழுந்து போகவேண்டி வருமே.

"ஏன்டி, நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று மகளிடம் கேட்டார். மாப்பிள்ளையிடம் கேட்க எந்த மாமியாருக்கு வாய் வரும்?

"நான் செயலாளர்மா. எழுதிக்கத்தான் முடியும்."

டாக்டர் காலை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார். "தொடையில பலமே இல்லையே. தானா எழுந்திருக்கிறாங்களா?"

"நாற்காலி எண்பத்தஞ்சு சதவீதம் முடிஞ்சிடுச்சு டாக்டர்" என்றார் மாப்பிள்ளை பெருமையாக.

மீதிப் பதினைந்து சதவீதத்தில்தான் அந்தச் சதி வெளிப்பட்டது. பாலிஷ் ஏற்றும்போது நாலு கால்களிலும் கீழே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே வேறு மரம். குஷன் வேலைக்காரர் தட்டிப் பார்த்தார்.

"யாரோ முட்டிவலிக்காரங்க உயரம் பத்தலைன்னு நாலு அங்குலம் ஒட்டுப் போட்டிருக்காங்க சார். நல்ல வேலை. துளி ஆட்டம் இல்ல."

மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "கலப்படம்! சரித்திரத்துல கை வச்சிருக்காங்க. வெட்டுங்க."

சோபாவிலிருந்து மாமியாரின் குரல் கிளம்பியது. "மாப்பிள்ளை, அந்த உயரம் இருந்ததாலதான் என்னால..."

"உயரமான பொருளை யார் வேணாலும் கொடுக்கலாம் அத்தை. உங்களுக்கு நான் உயர்ந்த பொருள் கொடுக்கிறேன்."

குஷன் வேலைக்காரர் மாமியாரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் குறிப்பேட்டைப் பார்த்தாள். ரம்பம் எட்டு நிமிடத்தில் வேலையை முடித்தது. அந்த மறுசீரமைப்பிலேயே சொன்ன நேரத்தில் முடிந்தது அது ஒன்றுதான். பிறகு ஸ்பிரிங் வைத்து, பஞ்சை அடைத்து, சிவப்பு வெல்வெட் போர்த்தி, விளிம்பில் பித்தளை ஆணி வரிசையாக அடித்தார்கள். அழகுக்கு ஒரு குறை சொல்ல முடியாது.

திறப்பு விழாவுக்கு மாப்பிள்ளையின் அலுவலகமே திரண்டு வந்தது. பிரிவுத் தலைவர் ரிப்பன் வெட்டினார். இருவர் கைத்தாங்கலாகப் பயனாளியை அழைத்து வந்து அமர்த்தினார்கள். ஸ்பிரிங் அவரை அன்போடு உள்ளே வாங்கிக்கொண்டது. முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விட்டது. ஒரே கைதட்டல்.

"எப்படி இருக்கு அத்தை? எழுந்திருக்கவே மனசு வராதே?"

மாமியார் கையை ஊன்றினார். வரவில்லை. இன்னொரு முறை ஊன்றி, தலையை முன்னால் கொடுத்து உந்தினார். அப்போதும் வரவில்லை. சபைக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்த பிரிவுத் தலைவர் பதிலுக்குக் கும்பிட்டார். மூன்றாவது முறையும் தோற்றபோது மாமியாருக்குச் சொந்த வீட்டு வாசல் ஒரு தடவை கண்ணில் வந்து போனது.

மாப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, பின்னால வந்தவங்க செஞ்ச மாற்றம் ஒண்ணு விடாம நீக்கிட்டோம். ஆதியில எந்த நிலையில இருந்துச்சோ, அதே நிலைக்குக் கொண்டு வந்துட்டோம். இப்ப நம்ம பயனாளி ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

மைக் மாமியாரிடம் குனிந்து வந்தது.

"மாப்பிள்ளை சொன்னது நூத்துக்கு நூறு உண்மை" என்றார் அவர் நிதானமாக. "நாற்காலியை மட்டும் இல்ல, என் முழங்காலையும் ஆபரேஷனுக்கு முன்னாடி எந்த நிலையில இருந்துச்சோ, அதே நிலைக்குக் கொண்டு வந்துட்டார். யாராவது ரெண்டு பேர் வந்து தூக்கி விடுங்க."