தோணி இல்ல, போட்டு

“இன்னா டிக்கெட் பாபு, காதுல உய்ந்துதா இல்லியா? உன் மாமனாரு வெள்ளிக்கெயம போட்டுல போவணுமாம்!”

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே, இடுப்பில் மோர்ப்பானையோடு நின்று, மாமனார் ஊரிலிருந்து மோர் விற்க வரும் பூவம்மாள் கத்தினாள். உள்ளே குப்புராஜ் டிக்கெட்டில் குத்த வேண்டிய தேதியைத் தன் கட்டைவிரலில் குத்திக்கொண்டான்.

“போட்டுலயா? போட்டுன்னா சொன்னாரு?”

“போட்டு போட்டுன்னு நாலு தபா சொன்னாரு. மாமியாரும் வருதாம். படுத்துக்கினு போறாப்ல எடம் இருந்தா தேவலையாம். நீதான் ஏற்பாடு பண்ணணுமாம். இன்னமும் இன்னாவோ சொன்னாரு, வர்ற வழியில மறந்துட்டேன். எனக்கு மோர் விக்கற கவலையே ஆயிரம்.”

“மறந்தா மறந்துட்டுப் போ! போட்டுன்னு சொன்னாரே, அது போதும்!”

அந்த ஒரு வார்த்தையில் இத்தனை சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன மாதம் குப்புராஜ் ஒரு தோணி வாங்கினான். சுண்ணாம்புக்குளத்து ஏரிக்கரையில் கருவாட்டு மண்டி வைத்திருக்கும் பழவேற்காட்டு ஹனீப் பாய், பழசாகிவிட்டதென்று கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணி அது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலும் கையுமாக அதில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இவனுக்கு ஆசை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான் என்று ஊர் சிரித்தது. நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து, வெயில் படாமல் கீற்றுப் பந்தல் போட்டு, தினமும் நினைத்து நினைத்துப் பூரித்தான். யாராவது “தோணி எப்படி இருக்கு?” என்று கேட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“தோணி இல்ல, போட்டு!”

மாமனார் அப்பாவு கவரைப்பேட்டைப் பக்கம் நெல் வெள்ளாமைக்காரர். ரயில்வே மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவர், தோணி சமாசாரம் கேட்டதும், “டிக்கெட் குடுக்கற கைக்குத் தோணி எதுக்கு?” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர் வாயாலேயே இப்போது ‘போட்டு’ என்று வந்திருக்கிறதே! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றால் இதுதான்.

வீட்டுக்கு ஓடினான். செல்வி ஏழு மாத வயிற்றோடு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா நம்ப போட்டுல வராரு, செல்வி!”

“அப்பாவா? கெணத்தை எட்டிப் பாத்தாலே தல சுத்துதும்பாரே!” செல்வி முறத்தைக் கீழே வைத்தாள். “சரி, நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. புள்ள பொறந்தப்புறம் ஞாயித்துக்கெயம ஒரு நாள்தான் நீங்க ஊட்ல இருப்பீங்க. அதுவும் ஏரியில போயிடுச்சின்னா நான் இன்னா பண்றது? அப்பா வாயால ‘நல்ல போட்டு’ன்னு ஒரு வார்த்த வரட்டும், வெச்சுக்குங்க, நான் ஒண்ணும் பேசமாட்டேன். வரலியா, ஹனீப் பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துடணும்.”

“சத்தியமா!” என்றான் குப்புராஜ். சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் போட்டை அவன் இன்னும் தண்ணீரில் இறக்கவே இல்லை.

மறுநாள் இறக்கினான். நாலு பக்கமும் ஊற்றுப்போலத் தண்ணீர் வந்தது.

“வெளிய இழுத்துக்கினு இன்னா பண்ணப் போறே? அப்படியே முங்க வுடு, பாபு,” என்றார் ஹனீப் பாய், மண்டி வாசலில் நாஷ்டா தின்றபடி. “காஞ்ச மரம். ஒரு வாரம் தண்ணியில கெடந்தா பலக ஊதி இடுக்கெல்லாம் தானா அடஞ்சுக்கும். தோணிய நெழல்ல வெச்சுக் கொஞ்சறவன உன்னத்தான் பாக்கறேன்.”

“போட்டு, பாய். முங்க வுட்டா பெயின்ட் போயிடுமே!”

“பெயின்ட் மெதக்காது. மரந்தான் மெதக்கும். இன்னும் கேளு. தண்ணி எறைக்க ஒரு சட்டி எப்பவும் உள்ள இருக்கணும். நடு ஏரியில எழுந்து நிக்கக் கூடாது. தூண்டில் வீசறதுக்கு முன்னாடி பின்னால யாருன்னு பாக்கணும்.”

“ரயில் ஓடற எடத்துல உக்காந்துக்கினு இருக்கறவன் நான். எனக்குத் தெரியாதா பாய்?”

ஸ்டேஷனில் ரிப்பேருக்கு வைத்திருந்த தாரில் ஒரு டின் கேட்டு வாங்கிவந்து, இடுக்கு தெரியாமல் அடி முழுக்கப் பூசினான். பெயின்ட் பிழைத்தது. மகராசனுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை இவன் அனுப்பிய மாட்டுவண்டி ஏரிக்கரைக்கு வந்து நின்றது. அப்பாவு இறங்கினார். பின்னாலேயே ஒரு இரும்பு டிரங்கு, சுருட்டிக் கட்டிய ஜமக்காளம், கட்டுச்சோற்று மூட்டை, வாயை மஞ்சள் துணியால் கட்டிய புதுச் செப்புச் சொம்பு எல்லாம் இறங்கின. கடைசியில் மாமியார் ஜானகியம்மாள் ஒரு குடையோடு இறங்கினாள்.

ஜானகியம்மாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் மாப்பிள்ளை முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீட்டு மரியாதை அப்படி. பேச வேண்டியதை எல்லாம் தூணிடமோ பூனையிடமோ சொல்வாள், மாப்பிள்ளை கேட்டுக்கொள்ளலாம். ஏரிக்கரையில் தூணும் இல்லை, பூனையும் இல்லை. குடைதான் இருந்தது.

“இதான் போட்டா?” என்றார் அப்பாவு. “பெரிசா இருக்கும், கூட்டம் நெரியும்னாங்களே?”

“நமக்கு மட்டுந்தான் மாமா. வேற ஒருத்தரையும் ஏத்தல.”

மாமனாருக்கு முகம் மலர்ந்தது. “பாத்தியாடி? மாப்ள தனியாவே எடுத்துட்டாரு! ரயில்வேன்னா சும்மாவா?”

“எனக்கு இன்னமோ சந்தேகமாத்தான் கீது,” என்றாள் ஜானகியம்மாள், குடையிடம்.

“சும்மா இரு. உனக்கு இன்னா தெரியும்?” என்று அப்பாவு அதட்டி, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். போட்டுக்கு இத்தனை மரியாதையா என்று குப்புராஜ் தானும் ஒரு தரம் தொட்டு ஒற்றிக்கொண்டான்.

“மத்தியானம் கெளுத்திக் கொழம்பு, மாமா! நானே புடிச்சு...”

“ஐயையோ! விரதம் மாப்ள! மீன் பேச்சே எடுக்காதீங்க!”

விரதத்தில் மீன் பிடிக்க வருகிறவரைக் குப்புராஜ் அன்றுதான் பார்த்தான். ஆனாலும் மாமனார் ஆயிற்றே என்று கழியை ஊன்றித் தள்ளினான்.

கரை கண்ணுக்குச் சின்னதாகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் வெயில் ஏறியது. தார் இளகி நாறியது. மாமனார் மூக்கைப் பொத்தவே, அவருடைய ஜமக்காளத்தை எடுத்து அடியில் விரித்து, “படுத்துக்குங்க மாமா” என்றான். கொஞ்ச நேரத்தில் ஜமக்காளம் ஈரமானது. எங்கே கசிகிறது என்று பார்க்க அதைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். தாரெல்லாம் ஜமக்காளத்தோடு ஒட்டிக்கொண்டு மொத்தமாகப் பெயர்ந்து வந்தது.

தண்ணீர் குபுகுபு என்று ஏறியது. இறைக்கச் சட்டி? அது ஹனீப் பாய் சொன்னதோடு சரி. குப்புராஜ் செப்புச் சொம்பைப் பிடுங்கி மஞ்சள் துணியை அவிழ்த்தான்.

“அத்தத் தொடாதீங்க! அது நெறஞ்சு ஊட்டுக்குப் போவணும்!”

“நெறையத்தான் மாமா செய்யுது!” என்று இறைத்தான் இவன்.

பயத்தில் மாமனார் முகம் வெளுத்துப்போனது. போட்டு கை நழுவிப் போகிறது என்று குப்புராஜுக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனசைத் திருப்பியாக வேண்டும். “இத்தப் பாருங்க மாமா, தூண்டில் எப்படி வீசறேன்னு!” என்று பின்னால் பார்க்காமல் கோலை ஓங்கி வீசினான். முள் ஜானகியம்மாளின் குடையைக் கொத்திக்கொண்டு பறந்தது. தூண்டில் நரம்பு அறுந்தது. குடை தலைகீழாக விழுந்து, காற்றோடு ஆந்திரா பக்கம் மிதந்து போயிற்று.

“குடை! குடை!” என்று எழுந்து நின்றான். போட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த நொடி குப்புராஜ் தண்ணீரில் இருந்தான்.

“ஐயோ, மாப்ள!” என்று அப்பாவு அலறினார்.

குப்புராஜ் கையைக் காலை உதைத்து, மூச்சு முட்டி, கடைசியில் எழுந்து நின்றான். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. தலையில் பாசி, முகமெல்லாம் சேறு. போட்டும் பாதி நிறைந்து அங்கேயே தரைதட்டி உட்கார்ந்துகொண்டது.

அப்பாவு அவனையே பார்த்தார். தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகள் கல்யாணத்தில்கூட அந்த மனிதர் பல் தெரியச் சிரித்ததில்லை.

“இம்மாந் தண்ணிக்கா நான் உசுரைக் கையில புடிச்சுக்கினு இருந்தேன்? சேறு மாப்ள, நம்ப வயக்காட்டுச் சேறு!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். இரண்டு பேருமாகத் தண்ணீரை இறைத்தார்கள். போட்டில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றார்கள். மரம் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்ததாலோ, ஜமக்காளத்தைக் கிழித்து அடைத்ததாலோ, ஒழுகல் மட்டுப்பட்டது. கடலோடு சேர்ந்த ஏரி என்பதால் மத்தியானம் தண்ணீர் கொஞ்சம் ஏறவும் போட்டு மெல்ல அசைந்து மிதந்தது. அப்பாவு கழியைப் பிடுங்கிக்கொண்டார். கேட்டாலும் தரவில்லை. தெம்மாங்கு ஒன்றை முனகிக்கொண்டு, ஒரு ஊன்று ஊன்றுவதும் “போவுது பாரு, போவுது பாரு!” என்று குதிப்பதுமாக, வயசில் பாதியை ஏரியில் விட்டுவிட்டார்.

“மாப்ள,” என்றார் மூச்சு வாங்க, “இந்தத் தோணிக்காவ நான் உங்கள என்னென்னவோ சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க. நல்ல போட்டு. இத்த மட்டும் வித்துடாதீங்க.”

குப்புராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. “மாமா!” என்று சேற்றுக் கையோடு அவர் காலைத் தொட்டான். செல்வியிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தான்.

இத்தனை நேரம் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஜானகியம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். சொல்லிக்கொள்ளக் குடையும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல்யாணமான பிறகு முதல் தடவையாக மாப்பிள்ளையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்:

“ஏன் மாப்ளே, போட் மெயிலுன்னா எழும்பூர்ல ஏறுற ரயிலுன்னு நான் சொன்னேன், இவருதான் கேக்கல. போவட்டும்... ராமேஸ்வரத்துக்கு இன்னும் எம்மாந் தூரம்?”