பதினோரு விளக்கும் ஓடிப்போன வயர்மேனும்

ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று வாரம் தொடர்ந்து கட்டுரை எழுதிவிட்டால், அந்த விஷயம் தனக்குத் தெரிந்துவிட்டது என்று நம்புவது பத்திரிகைக்காரனுக்கு வரும் தொழில் வியாதி. எங்கள் வாரப் பத்திரிகையில் மாட்டு வைத்தியம் எழுதியவர் எந்த மாட்டுக்கும் மருந்து கொடுத்ததில்லை. ஆகவே மாடுகள் பிழைத்தன. நான் மின்சாரத்தைப் பற்றி எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை.

முப்பதுகளின் நடுவில், நீலகிரி அருவியிலிருந்து கோயமுத்தூருக்குக் கரண்ட் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. துடியலூரில் எங்கள் வீட்டுக்கு மூன்று விளக்குகள் இருந்தன: ஆசாரம் என்கிற முன்கூடத்தில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று, பஞ்சு அடைத்து வைக்கும் அறையின் வாசலில் ஒன்று. மூன்றையும் போட்டுக் கொடுத்தவன் ரங்கசாமி, சர்க்கார் லைசென்ஸ் பெற்ற வயர்மேன். எட்டாம் வகுப்பில் எனக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவன். (எனக்கும் தப்பு, அவனுக்கும் தப்பு என்று வந்த கணக்குகளைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.) லைசென்ஸை ஒரு தகரக் குழாயில் சுருட்டி வைத்திருப்பான். எந்த வீட்டிலும் ஏணி வைக்கும் முன் அதை எடுத்து விரித்துக் காட்டுவான். "படிச்சுப் பாத்துக்கங்க, அப்பறம் வேல" என்பான். இதை நான் அகம்பாவம் என்று நினைத்தேன்.

என் தங்கை தெய்வானைக்கு அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் கூடிவந்தது. பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையைத் தங்கைக்குப் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வாரம் மட்டும் ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டாள், அதிலிருந்து தெரிந்தது. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் நாள் குறிக்கப்பட்டது. மாற்றிவிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரை எதுவும் உறுதியில்லை. காரணம், மாப்பிள்ளையின் பெரியத்தை நாச்சம்மாள். அந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் அவர் சம்மதம் இல்லாமல் நடக்காது. அதற்கு முந்தின வருஷம் வேறொரு வீட்டில் உப்புத் தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டதாம். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்.

இந்தச் செய்தி கேட்டதும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. எண்ணெய் விளக்குதானே அணையும்? மின்சார விளக்கு அணையாதே! மூன்று விளக்கு என்ன, பதினோரு விளக்குப் போடுவோம். அத்தை உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு விசிறியும் சுற்றட்டும்.

"ரங்கசாமிக்குச் சொல்லி உடுங்ண்ணா" என்றாள் தெய்வானை.

"எதுக்கு? மூணு வாரமா நான் என்ன எழுதினேன்னு படிக்கலியா?"

"படிச்சனுங்ண்ணா. அதனாலதான் சொல்றேன்."

இதில் இருந்த குத்தல் எனக்கு அன்று உறைக்கவில்லை.

டவுனில் ஒரு கடையில் கம்பி வாங்கினேன். வாசலில் மணி அடிக்கப் பயன்படும் மெல்லிய கம்பி. பார்க்க அழகாக, பச்சை நூல் சுற்றி இருந்தது. கம்பியும் கம்பியும் சேரும் இடங்களைச் சுற்றி மூட ஒரு பொருள் வேண்டும். 'பஞ்சு மின்சாரத்தைக் கடத்தாது' என்று என் இரண்டாவது கட்டுரையில் நானே எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்? அறை நிறையக் கிடந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் எங்கள் காட்டில் விளைந்த முதல்தரப் பஞ்சைத் தாராளமாக வைத்து நூலால் கட்டினேன். முடித்துப் பார்த்தபோது உத்தரம் நெடுக முயல்குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

பதினொன்றையும் ஒருசேரப் போட்டேன். பட்டென்று ஃபியூஸ் போய்விட்டது. மறுபடி கட்டினேன். மறுபடி போனது. என் பொறுமையும் போனது. ஃபியூஸ் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கி அந்த இடத்தில் வைத்தேன். பதினொன்றும் எரிந்தன, விசிறியும் சுற்றியது. அப்பா அண்ணாந்து பார்த்து, "பரவால்லடா, படிப்பு வீண் போகல" என்றார். என் இருபத்துநாலு வருஷ வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அது முதல் தடவை. அம்மா மெயின் சுவிட்ச் பெட்டியின் மேல் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து வைத்து, குங்குமம் இட்டாள். அதைப் பிள்ளையாரும் விரும்பியிருக்க மாட்டார்.

குறித்த நாளில், மாலை நாலு மணிக்கு, நல்ல வெயிலில், பதினோரு விளக்குகளையும் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். ஒரு மோட்டாரும் இரண்டு வில்வண்டிகளும் வந்தன. மோட்டாரிலிருந்து நாச்சம்மாள் அத்தை இறங்கினார். ஆறு முழம் பூ, அரக்கு நிறப் புடவை, மூக்குத்தியில் ஒரு கல். அந்தக் கல் திரும்பும் பக்கமெல்லாம் கூட்டம் பேச்சை நிறுத்தியது. உள்ளே வந்தார், விளக்குகளைப் பார்த்தார், விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். "காத்து நல்லா வருதுங்க" என்றார்.

அந்தக் காற்றில் பத்து நிமிஷம் நான் மிதந்தேன்.

பிறகு அத்தை மூக்கை ஒரு தடவை சுருக்கினார். அவர் ஜின்னிங் பாக்டரிக்குள் பிறந்து வளர்ந்தவர் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. சமையல் வாசனைக்கும் சாம்பிராணி வாசனைக்கும் நடுவில் அந்த ஒரு வாசனையைத் தூக்கத்திலும் கண்டுபிடிக்கும் மூக்கு அது.

"ஏனுங்க," என்றார், மிக அமைதியாக, "எங்கியோ பஞ்சு கருகுதுங்க."

ஆசாரம் முழுக்க எழுந்து நின்றது. உத்தரத்தில், அத்தையின் தலைக்கு ஆறடி உயரத்தில், மூன்றாவது முயல்குட்டி பழுப்பாகிக்கொண்டிருந்தது. நான்காவதிலிருந்து நூல் போலப் புகை. அந்தக் கம்பி நேராகப் போய் முடிகிற இடம் பஞ்சு அறையின் வாசல்.

மெயின் சுவிட்சை நோக்கி நான் பாய்ந்தேன். அம்மா குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, வெளக்க அணைச்சுப்போடாதடா! அந்தம்மா எந்திரிச்சுப் போயிருவாங்க!"

"அணைக்காட்டி வூடே போயிருமே!"

"ஆரு அது வெளக்க அணைக்கறது?" என்றது கூட்டத்துக்கு நடுவிலிருந்து அத்தையின் குரல்.

விளக்கை அணைத்தால் தங்கையின் கல்யாணம் போகும். அணைக்காவிட்டால் தங்கை, கல்யாணம், வீடு, பஞ்சு எல்லாம் சேர்ந்து போகும். மூன்று கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. தெய்வானை சமையற்கட்டுக் கதவருகில் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை; ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அவள் கொல்லைவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டு ரங்கசாமி உள்ளே வந்தான். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் பை, கையில் தகரக் குழாய்.

காலையிலேயே அவள் பால்காரரிடம் சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'அண்ணன் ஃபியூஸில் செம்புக் கம்பி வைத்துவிட்டார். அவர் கட்டுரையில் அப்படிச் செய்யக் கூடாது என்று போட்டிருக்கிறது. மூன்றாம் வாரம், இரண்டாம் பத்தி.' (உண்மைதான். ஒரு ஆங்கிலப் பிரசுரத்திலிருந்து மொழிபெயர்த்த வரி. மொழிபெயர்க்கிற அவசரத்தில் நான் அதைப் படிக்கவில்லை.)

ரங்கசாமி மேலே ஒரு பார்வை பார்த்தான். ஓடவில்லை. நேராக அத்தையிடம் போய்க் கும்பிட்டு, தகரக் குழாயைத் திறந்து லைசென்ஸை விரித்தான்.

"அம்மா, நான் சர்க்கார் லைசென்ஸ் வயர்மேனுங்க. ஒண்ணு கேட்டுக்கலாங்களா? உங்கூட்டுல பட்டப்பகல்ல வெளக்கு வெக்கற வழக்கம் உண்டுங்களா?"

அத்தை அதிலிருந்த சர்க்கார் முத்திரையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "எங்கூட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. பொழுது எறங்கினாத்தான் வெளக்கு."

"அப்பறம் என்னங்க? இங்கயும் வெளக்கு இன்னும் வெக்கவே இல்லீங்க. புதுசா இழுத்த கம்பிய லைசென்ஸ்காரன் பாத்துச் சரின்னு சொல்றதுக்கு முன்னால எரியறது வெறும் சோதனைதானுங்க. வெச்சாத்தான அணைக்கறதுக்கு? பொழுது எறங்கட்டும். மொதல் வெளக்க நீங்களே உங்க கையால போடுங்க. அதுதானுங்க மொற."

மூக்குத்தி ஒரு தடவை விளக்குகளின் பக்கம் திரும்பியது. பிறகு, "செரி, ஆகட்டும்" என்றார் அத்தை.

அவர் வாயில் அந்தச் சொல் முடியும் முன் ரங்கசாமி மெயினைத் தட்டிவிட்டான். பிள்ளையார் சுவரோரம் மரியாதையாக இறக்கி வைக்கப்பட்டார். "ஏனுங்க பத்திரிகைக்காரரே, ஏணியைச் சித்த நேரம் புடிக்கறீங்களா?" என்றான்.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் ஏணியைப் பிடித்தேன். அவன் மேலிருந்து என் கைவேலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையிலேயே கொடுத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டுடன்.

"இதக் கட்டினவங்க ரொம்பத் தைரியசாலிங்க."

"இந்த முடிச்சப் பாருங்க. கன்னுக்குட்டியக் கட்டலாமுங்க."

"பஞ்சுங்களா இது? நல்ல நீளப் பஞ்சுங்க. நெய்யும் ஊத்தியிருந்தா திரியாவே ஆகியிருக்குமுங்க."

கொங்கு நாட்டில் ஒரு மனிதனைத் திட்ட மரியாதை குறைய வேண்டியதில்லை என்பதை அன்று ஏணியடியில் கற்றேன்.

கடைசியாக இறங்கிப் போய் ஃபியூஸிலிருந்து செம்புக் கம்பியை எடுத்தான். அதை உள்ளங்கையில் வைத்து அத்தையிடம் காட்டினான். பாக்டரியில் வளர்ந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகம் சிவந்தது.

"ஆருங்க இந்த வேலையச் செஞ்சது?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. அவர் வாயைத் திறந்தார்.

"அது ஆரோ லைசென்ஸ் இல்லாத ஆளுங்கம்மா," என்றான் ரங்கசாமி, மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டே. "டவுனுப் பக்கத்து ஆளு. நான் வர்றதப் பாத்துட்டு ஓடிப்போயிட்டானுங்க."

"கையில கெடைச்சா அவன் கைய முறிச்சுப்போடோணும். என்னங்க தம்பி?" என்று அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டு கையையும்" என்றேன் நான், ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

பொழுது இறங்கியது. பதினொன்றில் நான்கு விளக்குகளும் விசிறியும் நல்ல கம்பியில் தயாராயின. ரங்கசாமி ஒவ்வொன்றையும் சோதித்தான். தன் பையிலிருந்த மெல்லிய ஃபியூஸ் கம்பியை வைத்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். அத்தை எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சுவிட்சைப் போட்டார். நான்கும் ஒன்றாக எரிந்தன. வந்திருந்த அத்தனை பேரும் கைகூப்பினார்கள். அந்த வெளிச்சத்தில் உப்பும் சர்க்கரையும் கை மாறின. தட்டு ஆடக்கூட இல்லை. சமையற்கட்டுக் கதவருகில் தெய்வானை சிரித்த சிரிப்பை என் தொழிலில் நான் எழுதிய எந்தக் கொண்டாட்டச் செய்தியிலும் சேர்க்க முடிந்ததில்லை.

கல்யாணத்துக்கு முன் ரங்கசாமி வந்து, கம்பி ஓட மரச்சட்டம் அடித்து, பதினோரு விளக்கையும் முறையாகப் போட்டுக் கொடுத்தான். வேலை தொடங்கும் முன் லைசென்ஸை விரித்தான். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தேன். அவிநாசி பாக்டரியின் வேலையும் அவனுக்கே கிடைத்தது; அதைக் கொடுத்தவர் நாச்சம்மாள் அத்தை.

ஓடிப்போன வயர்மேனைப் பற்றி அத்தைக்குத் தெரியாது என்று பல வருஷம் நம்பியிருந்தேன். தங்கையின் மூத்த பெண்ணுக்குக் காது குத்திய அன்று பந்தியில் அவரே பேச்சை எடுத்தார்.

"அன்னைக்கே தெரியுமுங்க தம்பி. ஏணி புடிச்ச கையில பத்து வெரலுலயும் பச்ச நூலு ஒட்டியிருந்துச்சே."

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன். "தெரிஞ்சுமாங்க தட்டு மாத்தினீங்க?"

"ஓடிப்போனவனையா நாங்க கட்டிக்கிட்டுப் போனோம்?" என்றார் அத்தை. "லைசென்ஸ்காரர வரச்சொல்லிச் சீட்டு எழுதினது ஆருன்னு அவருகிட்டயே கேட்டுக்கிட்டேன். அப்பறந்தான் தட்டக் கையிலெடுத்தேன்."

இன்று தெய்வானை வீட்டில் என்றைக்காவது விளக்கு மினுக்கினால், அவள் பேரக்குழந்தைகள் முதலில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகுதான் ஒருவன் போய் லைசென்ஸ்காரருக்கு ஆள் அனுப்புகிறான். அவர் வந்து வேலையை முடிக்கும் வரை கையை விடுவதில்லை.