செவ்வாய் மாலைக் குத்துச்சண்டை

“பொடி எப்ப எடுக்கிறியள்?” என்று பிரேதத்தைப் பற்றிக் கனடாவிலிருந்து கேட்டபோது, அந்தப் பொடி சந்தியோகுவின் முற்றத்தில் வியர்க்க வியர்க்கக் கயிறு துள்ளிக்கொண்டிருந்தது.

“ஆற்றை பொடி?” என்றார் சந்தியோகு.

“எங்கடை எமில்ராஜின்ரை. நான் அவன்ரை சித்தப்பா, ரொறன்ரோவிலையிருந்து கதைக்கிறன். ரீவியிலை போட்டதை ஆரோ படம் எடுத்து அனுப்பினவை. தாய்க்கு ரெலிபோன் அடிக்க மனம் வரேல்லை, அதுதான் உங்களுக்கு அடிக்கிறன்.”

சந்தியோகு முற்றத்தைப் பார்த்தார். எமில்ராஜ் இருநூற்றுப் பதினெட்டு, இருநூற்றுப் பத்தொன்பது என்று எண்ணியபடி துள்ளிக்கொண்டிருந்தான். நாளைக்குப் போட்டி. இன்னும் அரைக் கிலோ குறைக்க வேண்டும்.

“அவன் இஞ்சைதான், என்ரை முற்றத்திலை நிக்கிறான்.”

மறுமுனையில் விம்மல் கேட்டது. “உள்ளுக்கை கிடத்த இடமில்லையெண்டு முற்றத்திலையோ வைச்சிருக்கிறியள்?”

சந்தியோகு பதில் சொல்வதற்குள் சித்தப்பா அழுதுகொண்டே தொடர்பைத் துண்டித்துவிட்டார். இவர் ஓடிப்போய் உள்ளூர்ச் சனலான கரையொளி ரீவியைப் போட்டார். போட்டவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

திரையில் எமில்ராஜ் இருந்தான். சுற்றிவரச் சாம்பல் நிறக் கரை. இரண்டு பக்கமும் எரியும் மெழுகுதிரி. ‘குருநகரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற பத்திநாதர், ஸ்ரெல்லா தம்பதிகளின் அன்பு மகன் எமில்ராஜ் (வயது 26). செவ்வாய்க்கிழமை பிற்பகல் 4.30 மணி, மீனவர் சங்க மண்டபம். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் வருகை தரவும்.’

இதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அவ்வளவையும் காலையில் ரெலிபோனில் சொல்லி எழுதுவித்தவரே சந்தியோகுதான். ஒரு பொடியனைச் சனத்துக்கு அறிமுகப்படுத்துவதென்றால் எந்த ஊர், ஆற்றை மகன் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வதாம்? யாழ்ப்பாணத்தில் அது இல்லாமல் ஒருவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

சங்கதி இதுதான். சந்தியோகு பத்தொன்பது வருடமாகக் கடலரசன் குத்துச்சண்டைக் கழகத்தின் செயலாளர். வருடத்துக்கு ஒரு தடவை, பெருநாளோடு பெரிய போட்டி வைப்பார்கள். சனம் வந்து தொண்டை கிழியக் கத்தும், அடுத்த நாள் மறந்துவிடும். “கிழமைக்குக் கிழமை ரீவியிலை காட்டினால்தான் விளையாட்டு வளரும். பெரிய சம்பியன் தேவையில்லை, எங்கடை பொடியள் குத்தட்டும். பாக்கப் பாக்கத்தான் பிடிக்கும்” என்பது சந்தியோகுவின் கட்சி.

கழகத் தலைவர் கிறிஸ்துநாயகம் எதிர்க்கட்சி. “அதே எட்டு மூஞ்சியைக் கிழமைதோறும் காட்டினால் ஆர் பாப்பான்? நான் பதினொரு கிழமையும் ஒண்டு விடாமல் வீட்டிலையிருந்து பாத்திட்டுத்தான் சொல்லுறன். போன கிழமை மூண்டாம் ரவுண்டிலை எனக்கு நித்திரையே வந்திட்டுது” என்பார்.

கரையொளி முதலாளி செவ்வாய் ஐந்து மணியைப் பன்னிரண்டு கிழமைக்குச் சும்மா கொடுத்திருந்தார். ஒவ்வொரு செவ்வாயும் சுதாகரன் கமராவோடு வந்து, வயரை இழுத்து, சிவப்பு விளக்கை எரியவிட்டு நேரடி ஒளிபரப்புக்குப் படம் பிடிப்பான். சந்தியோகு மேடையோரம் நின்று வர்ணனை சொல்வார். வீட்டுக்குப் போனால் மனைவி றஜனி, “பாத்தனான். வடிவாயிருந்தது” என்பாள். அந்த ஒரு சொல்லில்தான் மனிதர் பதினொரு கிழமை உயிர் வாழ்ந்தார். ஏனென்றால் பார்த்தோம் என்று ரீவி நிலையத்துக்கு ஒரு அழைப்புக்கூட வரவில்லை. கழகத்தில் புதிதாக ஒருவரும் சேரவில்லை. இருந்தவர்களில் இரண்டு பேர் நின்றும்விட்டார்கள்.

பன்னிரண்டாவது செவ்வாய்க்கு ஐம்பது அழைப்பு வராவிட்டால் நேரத்தைச் சமையல் நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் செயலாளர் பதவியை விடுகிறேன் என்று ரோசத்தில் சந்தியோகுவும் கூட்டத்தில் சொல்லிவிட்டார். அதனால்தான் முதல்முறையாக ஒரு விளம்பரம். “எந்த நேரம் சனம் கூடப் பாக்குமோ, அந்த நேரம் போடுங்கோ பிள்ளை” என்று தன் வாயாலேயே கேட்டிருந்தார்.

நிலையத்தில் படம் செய்யும் றஜிதாவுக்கு இப்போது அழைப்பெடுத்தார்.

“பிள்ளை, இதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்?”

“ஏன் அண்ணை, படம் தெளிவில்லையோ?”

“மெழுகுதிரி ஏன் வந்தது?”

“எங்களிட்டைத் தனி ஆளுக்கு இருக்கிறது உந்த ஒரு கரைதான் அண்ணை. கலியாணக் கரை கேட்டிருந்தால் போட்டிருப்பன், ஆனால் அதிலை பக்கத்திலை பொம்பிளைப் படம் வேணும்.”

“குத்துச்சண்டை எண்டு ஒரு இடத்திலையும் இல்லையே.”

“கீழை ஓடுது அண்ணை. நகைக்கடை விளம்பரம் அதை மறைச்சுப்போட்டுது. நீங்கள் சொன்ன மாதிரி மரண அறிவித்தலுக்கு நடுவிலை போட்டனான். அதைத்தான் சனம் எழும்பாமல் பாக்கும்.”

நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்திருக்கிறாள். சந்தியோகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். எதிராளியின் படத்தையும் பக்கத்தில் போட்டால் இது போட்டி என்று சனத்துக்கு விளங்கிவிடும் அல்லவா? எதிராளி கோப்பாய் மயூரதன். பத்து நிமிடத்தில் அவன் படமும் வந்தது, அவனுக்கும் இரண்டு மெழுகுதிரியோடு.

அடுத்த அழைப்பு கோப்பாயிலிருந்து வந்தது. “எந்தச் சந்தியிலை அண்ணை நடந்தது? ஆர் ஓடினது? ரெண்டு பேரும் ஹெல்மெற் போடேல்லையோ?”

ஒரே அறிவித்தலில் இரண்டு இளம் பொடியள் வந்தால் அது மோட்டார்சைக்கிள்தான் என்று வலிகாமம் முழுக்கத் தெரியும். முற்றத்தில் எமில்ராஜ் கயிற்றை வைத்துவிட்டு, “அண்ணை, என்ரை முகப்புத்தகத்திலை எல்லாரும் ஏன் அழுகினம்?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

அவனுக்குப் பின்னாலேயே அவன் தாய் ஸ்ரெல்லா தலைவிரி கோலமாக வந்தாள். மகனைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள். கையைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். உயிரோடுதான் இருக்கிறான் என்று நிச்சயமானதும் அதே கன்னத்தில் ஒரு அறை விட்டாள். கழகத்தில் பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு அடியைச் சந்தியோகு பார்த்ததில்லை.

“மூக்கு உடைஞ்ச நாளோடை குத்துச்சண்டையை விட்டிட்டன் எண்டல்லோ சொன்னனீ? செவ்வாய்க்கிழமை கோயில் பாட்டுப் பழக்கம் எண்டல்லோ போறனீ?”

எமில்ராஜ் சந்தியோகுவைப் பார்த்தான். சந்தியோகு மின்விசிறியைப் பார்த்தார். ஆனாலும் அவருக்கு ஒன்று பொறுக்கவில்லை.

“ஸ்ரெல்லா, உன்ரை மகன் பதினொரு கிழமையாக் கரையொளியிலை குத்துறான். நீ ஒருநாளும் காணேல்லையோ?”

“கரையொளியிலையோ? அந்தச் சனலை நான் ஒரு பின்னேரமும் விடுறதில்லை. ஆர் செத்தது எண்டு தெரியாமல் எப்பிடி இருக்கிறது?”

சந்தியோகு யோசித்தார். பெற்ற தாயே பார்க்காத நிகழ்ச்சியை வேறு எவர் பார்த்திருக்கப் போகிறார்கள்? ஐந்து மணிக்கு அவள் செபமாலை சொல்ல எழும்பிவிடுவாள் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கிறிஸ்துநாயகம் சொன்னது சரிதானோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

நாளைக்கு மகனைக் குத்த விடமாட்டேன் என்று ஸ்ரெல்லா ஒற்றைக்காலில் நின்றாள். இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கடைசியில் மேடைக்குப் பக்கத்தில் தனக்கும் தன் செபமாலைக்கும் ஒரு கதிரை போடவேண்டும் என்ற நிபந்தனையோடு இறங்கிவந்தாள்.

விடிந்ததும் சந்தியோகு அடுத்த மருந்தைத் தயாரித்தார். எமில்ராஜையே ரீவியில் பேச வைப்பது. உயிரோடிருப்பவன் வந்து பேசினால் பிறகு என்ன சந்தேகம்?

“நான் சாகேல்லை எண்டு சொல்லு” என்றார்.

“செவ்வாய்க்கிழமையும் அதுவுமா என்ரை பிள்ளையின்ரை வாயிலை அந்தச் சொல்லு வரப்படாது” என்றாள் கூடவே வந்திருந்த ஸ்ரெல்லா.

எனவே எமில்ராஜ் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பேசினான். பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சேட்டோடு, கமராவைக் கண்டு வெலவெலத்துப்போய், நிலத்தைப் பார்த்தபடி பேசினான். “என்னிலை அன்பு வைச்ச எல்லாருக்கும் நன்றி. ஆரும் அழவேண்டாம். எல்லாரும் கட்டாயம் வாங்கோ. உங்களையெல்லாம் ஒருக்காப் பாக்க ஆசையாயிருக்கு.”

றஜிதா பழக்க தோசத்தில் அடியில் மெல்லிய புல்லாங்குழல் போட்டுவிட்டாள்.

மத்தியானம் சித்தப்பா மறுபடி எடுத்தார். “பொடியன் முதலே எடுத்து வைச்ச வீடியோவைப் பாத்தனாங்கள். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு சந்தியோகு. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

சந்தியோகு ரெலிபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

நாலரை மணிக்குச் சங்க மண்டபத்தில் நிற்க இடமில்லை. வழமையாக நாற்பது கதிரை போட்டால் முப்பது காலியாயிருக்கும் இடம் அது. இன்றைக்கு வெள்ளையும் கறுப்புமாக நானூறு பேர். திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், காங்கேசன்துறையிலிருந்து வாடகைக்கு வான் பிடித்து வந்த சொந்தக்காரர்கள், ஏழு மலர்வளையங்கள். கோப்பாய்ப் பொடியள் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மயூரதனின் பெரிய படத்தோடு பனர் கொண்டுவந்து வாசலில் கட்ட, மயூரதனே ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பனர் மறைத்ததால் ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“படம் நல்லா வந்திருக்கு” என்றான் சந்தியோகுவிடம்.

இந்தச் சனத்துக்கு எப்படிச் சொல்வது? சந்தியோகு ஒலிவாங்கியைப் பிடித்தார். அதற்குள் எமில்ராஜ் சிவப்புக் கையுறையோடு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

ஒரு மாமி கதிரையோடு பின்னால் சாய்ந்தார். மலர்வளையம் ஒன்று கைதவறி விழுந்து உருண்டது. மற்றப் பக்கத்தால் மயூரதனும் ஏற, கோப்பாய்ப் பக்கம் நாலைந்து பேர் வாசலை நோக்கி ஓடினார்கள்.

“எங்களை என்ன பேய்க்காட்டி ஏமாத்துறியளோ?” என்று ஒருவர் எழும்பினார்.

“வானுக்குக் குடுத்தது குடுத்தாச்சு. இருந்து பாத்திட்டுப் போவம்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

மணி அடித்தது. முதல் ரவுண்ட் முடிவதற்குள் ஓடியவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டாவது ரவுண்டில் மயூரதனின் இடது கைக் குத்து ஒன்று நாடியில் விழ, எமில்ராஜ் மரம்போலச் சாய்ந்தான். நானூறு பேரும் எழும்பிவிட்டார்கள். நேற்றிலிருந்து அழுத அத்தனை அழுகையும் இப்போது உண்மையாகிவிடுமோ என்று சனம் நடுங்கியது.

“எழும்படா” என்றாள் ஸ்ரெல்லா, செபமாலையை மேடையில் தட்டி. “உனக்காக இவ்வளவு சனம் வந்திருக்கு, படுத்துக் கிடக்கிறாய்.”

எட்டு எண்ணும்போது எழும்பினான். அதற்குப் பிறகு மண்டபத்தில் காது கேட்கவில்லை. மூன்றாம் ரவுண்டில் ஒரு புள்ளியால் வென்றான். கொண்டுவந்ததை வீணாக்குவானேன் என்று இரண்டு மலர்வளையத்தை அவன் கழுத்தில் போட்டு, இரண்டை மயூரதனுக்கும் போட்டார்கள். மேசையில் வைத்த கொப்பியில் ஒன்பது பேர் கழகத்தில் சேரப் பெயர் எழுதினார்கள். அதில் மூன்று பேர் பெண்பிள்ளைகள்.

முதலாளி ரெலிபோன் எடுத்தார். “நூற்றி அறுபத்து மூண்டு அழைப்பு சந்தியோகு. இன்னும் அடிக்கிறாங்கள். நேரம் உங்களுக்குத்தான்.”

சந்தியோகுவின் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு பின்னேரம் அவர் கண்டதில்லை. பதினொரு கிழமை ஊற்றிய தண்ணீர் பன்னிரண்டாம் கிழமை வேரைத் தொட்டிருக்கிறது என்று நினைத்தார்.

கிறிஸ்துநாயகம் வீட்டிலிருந்து எடுத்தார். “தோத்துப்போனன் சந்தியோகு. பன்னிரண்டு கிழமையும் ஒண்டு விடாமல் பாத்தவன் எண்ட முறையிலை சொல்லுறன், இண்டைக்குத்தான் நித்திரை வரேல்லை.”

அவருக்குப் பிறகு றஜனி எடுத்தாள். “பாத்தனான். வடிவாயிருந்தது.”

மேடையோரத்தில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த சுதாகரன் நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணை, இண்டைக்குத்தானே முதலாளி முதன்முதலா இதை ரீவியிலை விடச் சொன்னவர். அடுத்த செவ்வாயும் விடுறதோ, இல்லாட்டி முந்தின பதினொரு கிழமையும் போல அந்த நேரத்துக்கு மரண அறிவித்தலையே ஓட விடுறதோ?”