கூட வந்தவர்

மெக்கானிக் பேச்சைக் கேட்காதவர்களில் நானும் ஒருவன். அதற்கான தண்டனையை ஆண்டிமடம் போகும் வழியில், உச்சி வெயிலில், மனைவி பரீதாவை சாட்சியாக வைத்துக்கொண்டு அனுபவித்தேன்.

துபாயிலிருந்து லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பிய கையோடு, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேன் ஒன்றை வாங்கினேன். (என்னைவிட ரெண்டு வயசுதான் இளசு.) கம்பீரமாக இருக்கட்டுமே என்று பெரிய டயர்களாக மாட்டினேன். நாலும் பொருந்திவிட்டன. ஸ்டெப்னி மட்டும் வண்டிக்கு அடியிலிருந்த பழைய இடத்துக்குள் நுழையவே இல்லை.

"பின் கதவுல மாட்டிடுங்க" என்றேன்.

"கதவு வெறும் தகரம் சார், இந்தக் கனம் தாங்காது. அடிச் சட்டத்துலேர்ந்து இரும்புக் கை வச்சுத் தரேன். ரெண்டு நாள் ஆகும்" என்றார் பெரம்பலூர் மெக்கானிக்.

"துபாய்ல எல்லாம் கதவுலதாங்க மாட்டுறான்."

(துபாயில் நான் பார்த்தது சூப்பர் மார்க்கெட் கல்லா.)

மறுநாள் ஆண்டிமடத்தில் மாமனார் வீட்டு விருந்து. ஸ்டெப்னியைக் கதவிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினோம். முந்திரிக்காடு ஆரம்பித்த இடத்தில் ரோட்டில் ஆளே இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது, நோயாளி புரண்டு படுப்பது மாதிரி.

"என்னங்க, படுக்கையில யாரோ முனகுறாங்க."

நிறுத்தினேன். சத்தமும் நின்றது. கிளப்பினேன். மறுபடி முனகியது. இறங்கிப்போய் உள்ளே பார்த்தேன். படுக்கை காலி. பின் ஜன்னல் திரை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்ல பரீதா."

"யாரும் இல்லாம முனகுதுன்னுதானே நானும் சொல்றேன்" என்றவள், பேய் அண்டாமலிருக்க ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினாள்.

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. அதோடு முனகல் ஓய்ந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பரீதா திரும்பிப் பார்த்தாள்.

"கதவுல வெளிச்சம் தெரியுதுங்க."

தகரம் கிழிந்து, ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. இவ்வளவு நேரம் முனகியது அந்தக் கதவுதான். டயரைக் காணோம்.

திரும்பி நடந்தோம். செம்மண்ணில் ஒற்றைச் சக்கரத் தடம் காட்டுக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு காலடிகூட இல்லை. சருகு நொறுங்க உள்ளே போனோம். நாங்கள் நின்றால் எங்கோ ஒரு சருகு கூடுதலாக நொறுங்கியது. தடம் முடிந்த இடத்தில், முந்திரி பொறுக்க வந்த ஒரு பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் டயர்.

"தானா வந்துச்சுங்க. மரம் மரமா வெலகி வெலகி வந்துச்சு. என்னைய ஒரு சுத்து சுத்திட்டுப் படுத்துக்கிச்சு."

கைக்கெட்டும் தூரத்தில் அவருடைய கூடை சப்பையாகக் கிடந்தது. எனக்குப் பேய் பயம் போய் வேறு பயம் வந்தது. பரீதா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் "மன்னிச்சுக்குங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"நாயையே நாங்க கட்டித்தாங்க வச்சிருக்கோம்" என்றார் அவர், டயரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டயரை உருட்டி வந்து படுக்கையில் கிடத்தினோம். மெத்தை அழுக்காகாமலிருக்க பரீதா வெள்ளைப் போர்வையால் மூடினாள். நகராமலிருக்கத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தலையணைகளை அண்டக் கொடுத்தாள்.

மாமனார் வரவேற்க வந்தவர், கதவு ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்து என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"மாப்ள, உள்ள போத்திப் படுத்திருக்காரே, மூச்சே அசையலியே... யாரு?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஒரு தட்டு கொறச்சு வைங்க. மாப்ள கூட வந்தவரு சாப்பிட மாட்டாராம்!"

அந்த வாரமே சட்டத்தில் இரும்புக் கை வைத்து மாட்டியாயிற்று. புதுக் கூடையோடு அந்தப் பெண்ணையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஆனால் மாமனார் வீட்டில் நான் பஸ்ஸில் போய் இறங்கினாலும் முதல் விசாரிப்பு எனக்கில்லை.

"கூட வந்தவரு சௌக்கியமா மாப்ள?"