செரீப் அண்ணையும் என் இடுப்பும்

இந்த ஒஸ்லோவில் முப்பது வருடமாகப் பனியைப் பொறுத்திருக்கிறேன். மாரிகால இருட்டைப் பொறுத்திருக்கிறேன். நாலு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு ஏழு மணிக்குத் தொடங்கும் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களையும் பொறுத்திருக்கிறேன். செரீப் அண்ணையை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. கடல் கடந்து வந்த தமிழர்களில் அவரைப்போல் அயலவனின் உயிரை எடுத்தவர் வேறு ஒருவரும் இல்லை. எந்தக் கோயிலிலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது கீழே தபால்பெட்டியில் ஒட்டியிருந்தது, யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ரொம்சோஸில் எங்கள் மாடிக் கட்டடத்தில் என் வீட்டுக்கு நேர் மேல் வீடு அவருடையது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை. ஊரே கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு நிற்கும் குளிரில், இவர் அகன்ற விளிம்பு வைத்த தோல் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு காது சிவக்க பஸ்ஸுக்கு நிற்பார். கௌபாய் படங்களில் ஊர்க்காவல் பார்க்கும் செரீப் மாதிரி என்று ஆட்கள் சொல்ல, அப்படியே செரீப் ஆனார்.

வேறு யாராவது என்றால் தொப்பியோடு விட்டிருப்பார்கள். இவருக்கு, குதிரைப் படங்களில் வருகிறவர்கள் இடுப்பில் தாழ்வாகக் கட்டியிருப்பார்களே, இரண்டு பக்கமும் துவக்கு உறை தொங்கும் தோல் பட்டி, அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். மனுசனுக்கு ஏன் இந்த வேலை என்று ஒருநாள் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.

"இருவத்தைஞ்சு வருசமாத் துணியோடை மாரடிக்கிறன் தம்பி. அடுக்கி வைச்சால் சரிஞ்சு விழுது. கொஞ்சம் விறைப்பா நிக்கிற சாமான் ஒண்டு செய்து பாக்க வேணும்" என்றார்.

செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தோலில் பூவேலை செய்வதென்றால், ஈரமாக்கிய தோலைக் கல்லின்மேல் வைத்து, பூ முகம் வைத்த சின்ன ஆணிகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பதிக்க வேண்டும். அதற்குத் தட்டையான, அசையாத கருங்கல் தேவை. அவருடைய மனைவி லோறென்ஸ்கூக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார். போகும்போது ஊரிலிருந்து கப்பலில் வந்த அம்மியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மி இருந்த இடம் என் படுக்கையறைக்கு நேர் மேலே.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது என்ற நோர்வே ஒழுங்கை அவர் ஒருநாளும் மீறவில்லை. அதற்கும் சேர்த்துச் சனிக்கிழமை தட்டினார். காலை எட்டு மணிக்கு முதல் தட்டு விழும். ஒரு பூவுக்குச் சுமார் நாற்பது தட்டு. நான் எண்ணியிருக்கிறேன். மேலே போய்க் கதவைத் தட்டினால், "அட, வா வா, இந்த இலையைப் பார்" என்று தோலை மூக்கில் வைத்துக் காட்டுவார். சண்டை பிடிக்கப் போனவன் தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கி வருவேன்.

ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணிநேரம் தள்ளி, ஒரு தோட்டக்காரனின் வயல்வெளியில், இந்தக் கௌபாய்ப் பைத்தியம் பிடித்த நோர்வேக்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும் கூடுவார்கள். கையால் செய்த தோல் சாமான்களை நடுவர் ஒருவர் பார்ப்பார். தேறியதைக் காட்சி மேசையில் வைப்பார். செரீப் அண்ணை முதல் தடவை கொண்டுபோன பட்டியின் உறைகள் காலுறை மாதிரித் தொங்குகின்றன என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வந்து இரண்டு கிழமை தொப்பி போடாமல் வேலைக்குப் போனார். பிறகு எங்கள் வீட்டுச் சோபாவில் வந்து உட்கார்ந்து, அடுத்த வருடமும் மேசையில் ஏறாவிட்டால் சுத்தியல், ஆணி, தோல் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது முகம் செத்துப்போயிருந்தது. என் மனைவி வசந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பாவமாக இருந்தது என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த வருடத்தோடு சனிக்கிழமை நித்திரை திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம்.

உறை காலுறை ஆகாமல் இருக்க ஒரு வழி உண்டாம். தைத்த உறையை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, துவக்கை உள்ளே விட்டு, வெளியே விரலாலும் மழுங்கிய கட்டையாலும் அமத்தி அமத்தி வடிவம் எடுத்து அப்படியே காயவிட வேண்டும். துவக்குக்கு எங்கே போவது? விளையாட்டுக் கடையில் பிளாஸ்டிக் துவக்கு இருக்கிறதே, வாங்கித் தருகிறேன் என்றேன். பிளாஸ்டிக் தோலைப் பழுதாக்கும் என்றார். மரத்தில் செதுக்கலாமே என்றேன். மரம் ஈரத்தில் ஊதும் என்றார். இப்படிப் பத்துத் தடவை கேட்டிருப்பேன், பத்துத் தடவையும் ஒவ்வொரு நொண்டிச் சாட்டு.

தை மாதத்தில் ஒருநாள் வந்து, தோல் காயவைக்க வேண்டும் என்று வசந்தியின் ஹெயார் ட்ரையரை இரவலாகக் கேட்டார். கொடுத்தாள். ஒரு நாள் போயிற்று, நாலு நாள் போயிற்று, ஒரு கிழமையும் போயிற்று. வெளியே பனி கொட்டுகிறது, இவள் தலை முழுகிவிட்டு ஈரத்தலையோடு வேலைக்குப் போகிறாள். என்னைப் பிடித்து மேலே தள்ளினாள். போய்ப் பார்த்தால், ஹெயார் ட்ரையர் சமையல் பிளாஸ்டிக் தாள் சுற்றப்பட்டு, உறைக்குள் தலைகீழாக நின்றது. கைப்பிடி மட்டும் வெளியே. வலது உறை முடிந்து, இடது உறை காய்ந்துகொண்டிருந்தது.

"பிடி இருக்கு, குழல் இருக்கு. வேறை என்ன வேணும்?" என்றார் செரீப் அண்ணை.

தோல் காயும்போது இறுகும் என்பதை அவர் மறந்துவிட்டார். அவர் உறையைப் பிடிக்க, நான் பிடியைப் பிடித்து இழுக்க, கடைசியில் கழன்று வந்தது. அன்றிலிருந்து வசந்தியின் தலைமயிரில் புதுச் சப்பாத்து வாசம்.

பட்டி வைகாசியில் முடிந்தது. பொய் சொல்லக்கூடாது, வடிவான சாமான். சுற்றிவரப் பூவும் இலையும், முதுகுப் பக்கம் துவக்கு ரவைகள் செருகும் சின்னத் தோல் வளையங்கள், ஒரே அளவில் இரட்டைத் தையல். கூடலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது காற்சட்டை, சப்பாத்து, தொப்பி சகிதம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நின்று கட்டிக் காட்டினார். கடைசி ஓட்டையில் கொளுவிக் கையை எடுத்தார். பட்டி நேரே முழங்காலுக்கு இறங்கியது.

மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வசந்திதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். இடுப்பை எப்போது அளந்தீர்கள் என்று கேட்டாள். வீட்டில் என்றார். வீட்டில் என்ன உடுத்தியிருந்தீர்கள் என்றாள். வேலை முடிந்து வந்தால் சாரம்தானே உடுத்துவார். வயிற்றைச் சுற்றி மடித்துச் செருகிய அந்தச் சுருட்டுக்கு மேலால் நாடாவைப் பிடித்து அளந்திருக்கிறார். ஐந்து மாதமாகச் சாரத்துக்கு மேல்தான் கட்டியும் பார்த்திருக்கிறார். வெட்டிச் சிறிதாக்கினால் பூவேலை இடையில் அறும், உறை இரண்டும் பின்பக்கம் போய்விடும்.

கூடலின் விதியின்படி பட்டியை ஒருவர் கட்டிக் காட்ட வேண்டும். செரீப் அண்ணை மெதுவாகத் தலையை நிமிர்த்தி என் வயிற்றைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். வசந்தியும் என் வயிற்றைப் பார்த்தாள். கட்டினார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

சரி, இதோடு தொல்லை முடிகிறதென்று நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். வயல் முழுக்கத் தொப்பிக்காரர்கள், புகையில் தொத்திறைச்சி, ஒலிபெருக்கியில் கிற்றார். நடுவில் நான். ஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, அலுவலகக் காற்சட்டை, அதற்கு மேல் இரட்டை உறைப் பட்டி. எங்கள் ஆட்கள் யாரும் கண்டுவிடக் கூடாது என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

நடுவர் மார்பு வரை தாடி வைத்த பெரிய மனிதர். தையலைப் பெருவிரலால் தடவினார். பூக்களைக் குனிந்து பார்த்தார். பிறகு துவக்கைப் போட்டு உருவிக் காட்டு என்றார். மற்றவர்கள் எல்லோரும் மாதிரித் துவக்குகள் கொண்டுவந்திருந்தார்கள். செரீப் அண்ணை பையைத் திறந்து ஹெயார் ட்ரையரை எடுத்து என் கையில் தந்தார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அங்கேயே நிலம் பிளந்தால் நல்லதென்று தோன்றியது. நடுவர் சிரிக்கவில்லை. ஒரு விளையாட்டுத் துவக்குக்கூடவா உனக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டார்.

செரீப் அண்ணைக்கு நோர்வே மொழி தண்ணிபட்ட பாடு. அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொல்லு. எங்கடை ஊரிலை நான் கண்ட துவக்கு ஒண்டுக்கும் உறை இருக்கேல்லை எண்டு சொல்லு. அதாலைதான் உறை மட்டும் செய்யிறன். உள்ளுக்கு வைக்கிற சாமானை நான் தொடமாட்டன்."

பத்துத் தடவை விளையாட்டுக் கடைக்குக் கூப்பிட்டவன் நான். அதே ஊரிலிருந்து, அதே துவக்குகளுக்கு முன்னால் கையைத் தூக்கி நின்றுவிட்டு வந்தவன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொன்னதை அப்படியே நோர்வே மொழியில் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. நடுவர் என் கையிலிருந்து ஹெயார் ட்ரையரை வாங்கி, தானே உறைக்குள் மெதுவாக விட்டார். என்னிடமிருந்து பட்டியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. இந்த ஆள் தோற்றால் எனக்குச் சனிக்கிழமை நித்திரை கிடைக்கும் என்பது அந்த நேரம் சுத்தமாக மறந்துபோயிற்று. விழாதே, விழாதே என்று ஒரு ஹெயார் ட்ரையரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

விழவில்லை. பரிசு வேறு யாருக்கோ போயிற்று. பட்டி மேசையில் ஏறியது, வசந்தியின் ஹெயார் ட்ரையரோடு சேர்த்து.

பலன் என்ன? இன்னும் நாலு மாரிகாலம் அம்மி முழங்கியது. பிறகு அவரும் மனைவியின் பின்னால் லோறென்ஸ்கூக்குக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். மேல்வீட்டில் இப்போது ஒரு அமைதியான குடும்பம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எரிச்சலாக இருக்கிறது.

பட்டி என்னிடம்தான் இருக்கிறது, வேறு யாருக்கும் அது பொருந்தாதே. ஒவ்வொரு கோடையிலும் அந்த வயலில் இடுப்பு நான்தான். வருடத்துக்கு வருடம் வயிறு கொஞ்சம் முன்னேறுவதால், கூடலுக்கு முன் பட்டியின் நுனியில் ஓட்டை ஒன்று கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. இந்தமுறையும் அதைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"ஒரு ஓட்டை போடவே லோறென்ஸ்கூக்குக்கு பஸ் எடுக்கிறியள்? வீட்டிலை ஆணி இல்லையே?" என்றாள் வசந்தி.

இருக்கிறது. ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.